மண்கரை ஏரிகள்: தண்ணீர் வழியும் இடத்தை அடைக்காதீங்க (ஒரு நீண்ட இழை)

1/ பூண்டின்னு சொன்னதும் சென்னைக்காரர்களுக்கு 1944-ல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது வேற பூண்டி. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் போனா வர்ற மேல்மலைக் கிராமம். மலைப்பூண்டு, உருளை, கேரட் விளையுற படிப்படியான வயல்கள் இருக்கிற ஊர்.

இரண்டு பூண்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சென்னைப் பக்கத்துப் பூண்டி அணைக்குப் பொறியாளர்கள் இருக்காங்க, ஷட்டர் இருக்கு, தினமும் நீர்மட்டம் எழுதுற பதிவேடு இருக்கு. மலையில் ஓடையை மறித்து மண்ணைக் கொட்டிக் கட்டின சின்னக் குட்டைக்கும் ஏரிக்கும் அப்படி யாரும் கிடையாது. இப்ப ரீல்ஸ் பார்த்துட்டு நாம எல்லாரும் கிளம்பிப் போறது அந்த மாதிரி இடங்களுக்குத்தான். அதனால இந்த இழையைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ முதலில் கொடைக்கானல் ஏரி. அது இயற்கையா வந்த ஏரின்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை. 1863-ல் மதுரை கலெக்டரா இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பான பள்ளத்தில் ஓடின ஓடைகளைக் கரை போட்டு மறித்து உருவாக்கினது. பரப்பு சுமார் 60 ஏக்கர். மீன் விட்டார், தூத்துக்குடியில் இருந்து படகும் கொண்டு வந்தார். நம்ம மலையில் 'அணை கட்டி அதில் படகு விடுவது' அங்கேதான் தொடங்குது.

அந்த ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான், மலைப்பாதையில் ஏறும்போது நீங்க வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுது. வழியுறதுக்கு ஒரு வழி இருக்கிறதாலதான் ஏரி பத்திரமா இருக்கு.

3/ ஒரு மண்கரை ஏரிக்கு மூணு உறுப்பு. தண்ணியைத் தாங்கும் கரை. வயலுக்குத் திறந்துவிடும் மதகு. உபரித் தண்ணி தானா வெளியேறும் கலிங்கு. தென்மாவட்டங்களில் இதையே மறுகால்னு சொல்வாங்க.

கான்கிரீட் அணை மேல் தண்ணி கொஞ்ச நேரம் வழிஞ்சாலும் தாங்கலாம். மண்கரை தாங்காது. மேலே ஏறி வழியுற தண்ணி பின்பக்கச் சரிவை அரிச்சுக்கிட்டே வந்து, சில மணி நேரத்தில் கரையையே பிளந்துடும்.

இன்னொரு விதமாவும் உடையும். கரைக்கு உள்ளே எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தோட வேர் விட்டுட்டுப்போன ஓட்டை வழியா தண்ணி ஊறும். ஊறி வர்ற தண்ணி தெளிவா இருந்தா உடனே பயப்பட வேண்டாம், ஆனா கவனிச்சுக்கிட்டே இருக்கணும். கலங்கலா வந்தா உள்ளே மண் கரையுதுன்னு அர்த்தம். புண்ணில் இருந்து தெளிவான நீர் கசியுறதுக்கும் ரத்தம் கலந்து வர்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

4/ இதையெல்லாம் நம்ம முன்னோர்கள் நல்லாவே தெரிஞ்சு வச்சிருந்தாங்க. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரியைக் கவனிக்கவே 'ஏரி வாரியம்'னு ஒரு குழு வருது. பின்னாளில் குடிமராமத்து. கரையில் நடந்து பார்த்து, மதகைத் திறந்து மூடி, மழை ராத்திரியில் காவல் இருக்க நீர்க்கட்டி, நீர்பாய்ச்சின்னு ஆட்கள். இந்த வேலையைப் பல ஊர்களில் செய்தது தலித் குடும்பங்கள். கிடைச்ச கூலியும் மரியாதையும் ரொம்பக் குறைவு. அதனால 'பொற்காலம்'னு கொண்டாடிட்டுப் போகவும் முடியாது. ஆனா ஒரு ஏரிக்கு ஒரு ஆள் இருந்தார். அந்த ஆள் இல்லாமப் போனா என்ன ஆகும்?

5/ அதுக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் மண் அணை. கால்வாய்க்குத் தண்ணி கொடுக்கக் கட்டினாங்க. கால்வாய்க்கு வேலை இல்லாமப் போனதும் அணை கை மாறிச்சு. கடைசியில் பிட்ஸ்பர்க் பணக்காரர்களோட மீன்பிடி, வேட்டை கிளப் அதை வாங்கிச்சு. ஆண்ட்ரூ கார்னகி அதில் உறுப்பினர்.

அங்கே நடந்ததை வரிசையா பாருங்க. அடியில் தண்ணியை வெளியேத்துற இரும்புக் குழாய்களை முந்தின உரிமையாளர் பிடுங்கி வித்துட்டார். கிளப் திரும்பப் போடலை. குதிரை வண்டிகள் போக வசதியா கரையோட உச்சியைத் தாழ்த்தி அகலப்படுத்தினாங்க. வளர்க்கிற மீன் தப்பிப் போகக் கூடாதுன்னு கலிங்கில் வலைத்தடுப்பு வச்சாங்க.

1889 மே 31. பெருமழை. குப்பையும் கிளைகளும் வந்து தடுப்பை அடைச்சது. கரை மேல் தண்ணி வழிஞ்சு உடைஞ்சது. கீழே சுமார் 14 மைல் தள்ளி இருந்த ஜான்ஸ்டவுன் நகரமும் வழியில் இருந்த ஊர்களும் நாசம். செத்தவங்க 2,209 பேர். கிளாரா பார்ட்டனோட செஞ்சிலுவைச் சங்கம் செஞ்ச முதல் பெரிய பேரிடர்ப் பணிகளில் அது ஒண்ணு. கோர்ட்டில் கிளப் மேல ஒரு பைசா பொறுப்பும் விழலை.

6/ 'அது அமெரிக்கா'ன்னு நினைக்காதீங்க. நம்ம பழனி மலைத்தொடரோட கிழக்குச் சரிவில், கீழ்மலையில் பிறக்கிற ஆறு குடகனாறு. வேடசந்தூர் பக்கம் அழகாபுரியில் அதன் குறுக்கே மண் அணை கட்டினாங்க. கட்டி முடிச்ச அதே 1977-ல் வெள்ளம் வந்தது. ஷட்டரைத் தூக்கப் போனாங்க, மின்சாரம் போயிடுச்சு. ஜெனரேட்டர் போட்டாங்க, பத்தலை. கையால் சுத்தித் தூக்கப் பார்த்தாங்க. அதுக்குள்ள தண்ணி கரை மேல் ஏறி வழிஞ்சு பல இடத்தில் உடைச்சுட்டது. பிறகு திரும்பக் கட்டினாங்க, அந்த அணை இன்னைக்கும் இருக்கு.

அங்கே ஆள் இருந்தாங்க, முயற்சியும் செஞ்சாங்க. அப்படியும் தண்ணி வெளியேற வழி போதாம உடைஞ்சது. ஆளும் இல்லாத, வழியும் அடைபட்ட ஒரு சின்னக் கரையை யோசிச்சுப் பாருங்க.

7/ 2021-ல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. வருஷாவருஷம் பரிசோதனை, அவசரகாலத் திட்டம் எல்லாம் அதில் இருக்கு. ஆனா அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளதுக்குச் சில நிபந்தனைகளோட பொருந்தும். அதுக்கும் கீழே உள்ள ஊர்க் குட்டையும் ஏரியும் சட்டத்துக்கு வெளியே. அங்கே கண்காணிக்கிறது ஊர்க்காரங்களும், போய் நிக்கிற நாமும்தான்.

8/ கரை உடையாமலே உயிர் போற விஷயத்துக்கு வர்றேன். இந்தியாவில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறாங்க.

2020 ஆகஸ்ட், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். விளையாட வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கினாங்க. மழையால் ஆழம் கூடியிருந்தது தெரியலை. நாலு பேர் மூழ்கினாங்க. அங்கே இருந்த மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் காப்பாத்தினாங்க. மத்த இரண்டு பேரைக் காப்பாத்த முடியலை. தமிழக அரசு அந்த மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

மருத்துவரா சொல்றேன், நிலைமைக்குத் தகுந்த சரியான முறை அதுதான். மூழ்குறவரைப் பிடிக்கப் போய் குதிக்கிறவங்களும் சேர்ந்து சாகிற செய்தி நமக்குப் புதுசில்லை. சேலை, வேட்டி, கயிறு, கம்பு, காலி கேன் எது கிடைச்சாலும் கரையில் நின்னு வீசுங்க, நீட்டுங்க.

9/ மலை ஏரியில் கூடுதலா ஒரு ஆபத்து, குளிர். 15 டிகிரிக்குக் குறைவான தண்ணியில் திடீர்னு விழுந்தா உடம்பு தன்னையறியாம ஒரு பெருமூச்சு இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா நுரையீரலுக்குள்ள போறது தண்ணி. நீச்சல் வீரருக்கும் முதல் ஒண்ணு, ரெண்டு நிமிஷம்தான் கண்டம். விழுந்துட்டா கை காலை அடிச்சு நீந்தப் பார்க்காம, மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும் வரை காத்திருங்க.

10/ வெளியே தூக்கினவர் மூச்சு விடலைன்னா:

• தலைகீழா தூக்காதீங்க, சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. தண்ணியை வெளியே எடுக்குறேன்னு செலவாகிற ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம்.
• ஒருத்தர் 108-க்கு அடிக்கணும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும், அதுவரை கைவிடக் கூடாது.
• பயிற்சி இருந்தா முதலில் வாயோடு வாய் வச்சு 2 முதல் 5 முறை ஊதுங்க. அப்புறம் நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகம். பயிற்சி இல்லைன்னா அழுத்தம் மட்டுமாவது கொடுங்க.
• பிழைச்சு எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சும் வரலாம்.

மூழ்கினவரைப் பிழைக்க வைக்க முடியும்னு நம்பி 1767-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கமே தொடங்கினாங்க. வாயோடு வாய் ஊதச் சொன்னவங்க, கூடவே ஆசனவாய் வழியா புகையிலைப் புகையையும் அடிக்கச் சொன்னாங்க! புகை போயிடுச்சு, மூச்சு நிலைச்சுடுச்சு.

11/ அடுத்த முறை மேல்மலையிலோ உங்க ஊர் ஏரியிலோ கரையில் நிக்கும்போது இதைப் பாருங்க. கலிங்கில் மீன் வலையோ மணல் மூட்டையோ குப்பையோ அடைச்சிருக்கா? கரையின் பின்பக்கம் கலங்கலா தண்ணி ஊறுதா? கரை மேல் விரிசலோ உள்வாங்கின இடமோ இருக்கா? இருந்தா படம் எடுத்து ஊராட்சிக்கோ நீர்வளத் துறைக்கோ வருவாய்த் துறைக்கோ அனுப்புங்க. கரை மேல் கார், பைக் ஏத்தாதீங்க. மதகுக்குப் பக்கத்தில் இறங்கவே இறங்காதீங்க, அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். குடிச்சுட்டுத் தண்ணிப் பக்கமே போகாதீங்க.

லெவிஞ்ச் காலத்துக் கரை 160 வருஷம் தாண்டி நிக்குது. கிளப்காரர்கள் கையில் போன சவுத் ஃபோர்க் அணை பத்து வருஷத்துக்குள்ள உடைஞ்சது. இரண்டுலயும் படகு போச்சு, மீன் இருந்தது. ஒண்ணுல தண்ணி வழிய வழி விட்டாங்க, இன்னொண்ணுல அடைச்சாங்க.

சுத்திப் பார்க்கப் போற நண்பர்களுக்கு இதை அனுப்பி வைங்க.