கீர்த்தனையும் மகாவித்துவானும்

சைவ சித்தாந்த நூல்கள் ஞானம் எய்தும் நெறியினைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்காக வகுத்துக் கூறும். அந்நான்கனுள் முன்நிற்பது கேட்டலே. கேளாது சிந்தித்தலும், சிந்தியாது தெளிதலும் நெறியாகா. மெய்ப்பொருளை நோக்கிச் சொல்லப்பட்ட இம்முறை இசைக்கும் முற்றப் பொருந்துவதாம். ஓர் இசையினை வெறுத்தொதுக்குவாருட் பலர் அதனைக் கேட்டு வெறுத்தவரல்லர். கேளா முன்னரே தெளிந்துவிட்டவராவர். கல்வியாற் பெரியாரிடத்தும் இது நிகழ்தல் உண்டு. அங்ஙனம் நிகழ்ந்து, பின் அது நீங்கியதற்குச் சென்ற நூற்றாண்டிற்கு முற்பட்ட தமிழ்நாட்டு வரலாற்றில் தெளிவானதொரு சான்று உளது.

பொருநையாற்றின் மருங்கிலுள்ள பத்தமடை கோரைப்பாயினால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். அறுத்த பசுங்கோரையை அவ்வூரார் உடனே நெய்வதில்லை. அதனைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரிற் பல நாள் ஊற வைப்பர். ஊறிய கோரை தன் பருமனின் மும்மடங்கு வரை பருக்கும். பின் மீட்டும் உலர்த்தி, நுண்ணிதாகக் கீறி, சாயம் ஏற்றிய பின்னரே அது பாவிற் புகும். ஊறாத கோரை முறியும். ஊறிய கோரையோ பட்டுப்போல் மடங்கும். கோரை ஒன்றே, இடையில் நின்ற நீரே வேறுபாட்டிற்குக் காரணம். செவியின் இயல்பும் இத்தகையதே.

பத்தமடையினின்றும் மேற்கே சேரமாதேவியையும் வீரவநல்லூரையும் கடந்து செல்வார் கல்லிடைக்குறிச்சியை அடைவர். அங்கே திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளைமடம் உளது. ஆதீனத்தில் இளவரசுப் பட்டம் பெற்றோர் அம்மடத்தில் எழுந்தருளியிருத்தல் வழக்கம். குற்றாலத்தையடுத்த மேலகரத்திற் பிறந்த சுப்பிரமணிய தேசிகர் அப்பட்டத்தில் இருந்த காலத்தே, வையைச்சேரி வைத்தியநாதர் என்னும் சிறுவர் ஏறத்தாழ 12 வயதினராய் அங்குச் சென்று பாடினார். அவர் பிறந்தது 1844. அவர்தம் இசைத் திறத்தை வியந்து தேசிகர் அளித்த பட்டமே 'மகா' என்பது. அன்று முதல் அவர் மகா வைத்தியநாதையர் எனவே வழங்கப்பெற்றார். தமிழும் வடமொழியும் இசையும் ஒரே அவையில் ஒருங்கிருந்து மகிழ்தற்கு இடந்தந்தவர் தேசிகர். பொருநைக் கரை மடத்தில் நிகழ்ந்த இதனை ஈண்டு முற்கூறியது, அவ்வாதீனத்தின் பெரும்புலவர் ஒருவர்பால் இசை நெடுநாள் இடம்பெறாதிருந்தமையை ஒப்புநோக்கி அறிதற்பொருட்டாம்.

அப்புலவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளுமாக அவர் இயற்றிய நூல்கள் மிகப்பல. ஏட்டில் எழுதுவோர் கை ஓயினும் அவர் வாய் ஓயாது என்னும்படி செய்யுள் சொல்லும் ஆற்றல் வாய்ந்தவர். சேக்கிழார்பால் எல்லையில்லாத அன்புடையவராதலின் அவர்மீது பிள்ளைத்தமிழ் ஒன்றும் பாடினார். மாணாக்கருக்கு உணவும் அளித்துக் கல்வியும் அளித்த வள்ளன்மை அவர்க்கு உண்டு. ஆயினும் சங்கீதத்தில் அவர்க்கு விருப்பம் இருந்ததில்லை.

அவர் மாயூரத்தில் வாழ்ந்த காலத்தில், அதனையடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இல்லறம் புகாது, எளிய வாழ்வினராய்த் தில்லைக் கூத்தனையே நினைந்து பாடிய அவர் இயற்றியது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அக்காலத்துப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசையா என்பவரது ஆதரவால் அது 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. அந்நூற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பிள்ளையவர்களை அடைந்தார்.

பிள்ளையவர்கள் மறுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. பின்னொரு நாள் ஆகுக என நாள் கடத்தி வந்தார். அதற்குக் காரணம் இரண்டு. நூலின்கண் இலக்கண வழுக்கள் காணப்பட்டமை ஒன்று. திருநாளைப்போவார் வரலாறு பெரியபுராணத்தொடு மாறுபட்டிருந்தமை மற்றொன்று. தில்லைக்குச் செல்ல விடாது நந்தனாரைத் தடுத்துத் துன்புறுத்தும் வேதியராகிய பண்ணையார் சேக்கிழார் வாக்கில் இல்லை. அவர் பாரதியாரின் படைப்பே. சேக்கிழாரைத் தெய்வமாகப் போற்றுவார் ஒருவர்க்கு இஃது உறுத்தலாயினமை வியப்பன்று. இவ்விரு குற்றமும் பொய்யல்ல என்பதும் ஈண்டு நினையத்தக்கது. பிள்ளையவர்கள் தவறாக ஆராய்ந்தார் என்பதற்கில்லை. கீர்த்தனை என்பது கண்ணால் நோக்கி ஆராயும் செய்யுள் மட்டுமன்று என்பதொன்றே அவர் ஆராய்ச்சியில் விடுபட்டது.

பாரதியார் சினந்திலர், பலகாலும் வந்து மீண்டார். ஒரு நாள் பிற்பகலில் அவர் வந்தபோது பிள்ளையவர்கள் உண்டு இளைப்பாறிக் கொண்டிருந்தார். எழுப்புதற்கு மனமின்றிப் பாரதியார் திண்ணையில் அமர்ந்து, தம் கீர்த்தனைகளைத் தாமே மெல்லப் பாடத் தொடங்கினார். ஒருவரையும் நோக்கிப் பாடியதன்று அது. கூத்தப்பிரான் திருவடியை நினைந்து உருகிய பாட்டு. உள்ளே இருந்த பிள்ளையவர்கள் செவியில் அது புகுந்தது. வழு யாது, வரலாறு யாது என ஆராயும் அறிவு அப்போது இளைப்பாறியிருந்தது. செவி மட்டும் விழித்திருந்தது. கேட்கக் கேட்க நெஞ்சம் நெகிழ்ந்து கண்ணீர் பெருகிற்று. பிள்ளையவர்கள் வெளிப்போந்து, அத்துணை நாளும் தாராதிருந்த சிறப்புப்பாயிரத்தைத் தந்தருளினார். அவர்தம் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆசிரியர் வரலாற்றில் இதனைப் பதிந்துள்ளார்.

அப்பிற்பகலில் மாறியது யாது? இலக்கண வழுக்கள் நீங்கினவல்ல. வேதியர் கதை மறைந்ததன்று. நூல் முன்னிருந்தவாறே இருந்தது. தெளிதலுக்கு முன் நிகழவேண்டிய கேட்டல் அன்றுதான் நிகழ்ந்தது. அடியார் ஒருவர் தில்லைக்கு ஏங்கிய ஏக்கத்தைப் பாரதியார் இராகத்திற் கரைத்து வைத்திருந்தார். ஏட்டை நோக்கிய கண்ணுக்கு அது புலப்படவில்லை. ஆனாய நாயனார் வேய்ங்குழல் ஊதிய திறத்தைச் சேக்கிழார் இசைநூல் நுணுக்கமெல்லாம் தோன்ற விரித்துப் பாடியிருத்தலைப் பிள்ளையவர்கள் நன்கறிவார். இசையினால் ஐந்தெழுத்தை ஓதி அடியார் ஒருவர் இறைவனை அடைந்தார் என்பதை நூலால் அறிந்தவர், அத்தகைய உருக்கத்தைத் தம் வீட்டுத் திண்ணையிற் செவியால் அறிந்தார்.

எனினும் ஒரு நாளிற் கனிந்த நெஞ்சம் அன்றே முழுதும் மாறிவிட்டது எனக் கூறுதல் வரலாறாகாது. 1871-இல் சாமிநாதையர் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்க மாயூரம் வந்தார். அவர் தந்தையார் இசைவாணர்; கனம் கிருஷ்ணையர் வழியிற் பயின்றவர். ஆதலின் மாணாக்கர் தமிழ்ப்பாடத்தொடு பாரதியாரிடம் இசையும் பயிலலாயினார். இதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையிற் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் அறிவு நன்கு செல்லாது என்னும் தம் கருத்தைப் புலப்படுத்தினார். மாணாக்கர் ஆசிரியர் குறிப்பிற்கு அடங்கி இசைப் பயிற்சியை நிறுத்தினார். கண்ணீர் விட்டுப் பாயிரம் தந்த பெருமானே பின்னர் இவ்வாறு தடுத்தார் என்பதை மறைத்தல் கூடாது. ஒரு முறை நனைந்த கோரை ஊறிய கோரை ஆகாதன்றோ?

இதனால் விளைந்த இழப்பு உண்மையே. மாணாக்கர்க்குக் குடிவழியாக வந்த இசைக்கல்வி இடையில் நின்றது. ஆயின் வரலாறு அவ்வளவில் நிற்கவில்லை. இசையை விட்டுத் தமிழைப் பற்றிய அம்மாணாக்கரே 1892-இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையுடனும் அடியார்க்குநல்லார் உரையுடனும் ஆராய்ந்து அச்சிட்டார். அதன் அரங்கேற்று காதையும் உரையும் பழந்தமிழ் இசையிலக்கணத்திற்குக் கருவூலமாம். தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திற்கும், ஈழத்து விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலுக்கும் அக்கருவூலமே பெருந்துணையாயிற்று. சாமிநாதையர் தாமும் தம் முதுமையிற் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோர் வரலாறுகளை அன்பொடு எழுதினார். புலமை இசையினின்றும் பிரித்த ஒருவர் கையினாலேயே இசை தன் பழைய இலக்கணத்தை மீளப் பெற்றது.

சைவர்க்கு இஃது அறியாத செய்தியன்று. தில்லையில் திருமுறை ஏடுகள் வெளிப்பட்ட பின்னரும் பண்முறை வழக்கிழந்து நின்றது என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டைக் கண்டெடுத்த நம்பியாண்டார் நம்பிக்கும் பாடுவார் ஒருவர் வேண்டியிருந்தார். சொல்லைக் காப்பவரும் இசையைக் காப்பவரும் ஒருவரையொருவர் நாடாதவிடத்துத் திருப்பாட்டு நிறைவுறாது.

ஆதலின், பழகாத இசையொன்று செவிக்கு ஒவ்வாதபோது, குற்றம் இசையினதோ செவியினதோ எனத் துணிதற்கு முன் சிலகாலம் கேட்டிருத்தலே கற்றார்க்கு அழகு. குற்றங்களைக் கண்டறிந்த மகாவித்துவான் புலமைக்கு யாதொரு குறைவுமில்லை. குற்றம் உளதாகவும் நெகிழ்ந்து பாயிரம் தந்ததனால் அப்புலமை பெருமையே எய்திற்று. பல நாள் கேட்கும் வாய்ப்பு வேண்டுமென்றே கல்லிடைக்குறிச்சி மடம் போன்ற அவைகள் புலவரையும் பாடுவாரையும் ஒருங்கே அமர்த்தின. பத்தமடைக் கோரை ஓடும் நீரில் உடனே மென்மையுறுவதில்லை; கிடந்து ஊறியே மென்மையுறுகின்றது.