537 வாக்கும் நம்மட வட்டாரமும்

2024 நவம்பர் 6ஆம் திகதி பின்னேரம். மருதமுனையில் அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தபோது டிரம்ப் வென்றது உறுதியாகிவிட்டது. எங்கட கூட்டத்தில் பென்சில்வேனியாவுக்கு எத்தனை தேர்வாளர் வாக்கு என்று போனைப் பார்க்காமல் சொல்லக்கூடியவன் ஒருத்தன் இருக்கிறான். மிச்சிகனில், டியர்போர்ன் நகரத்து அரபு மக்கள் காசாவுக்காகக் கமலா ஹாரிஸைக் கைவிட்டது சரியா பிழையா என்று இன்னும் ரெண்டு பேர் சண்டை. பக்கத்து வாங்கில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த வயசான மாமா ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "அதெல்லாம் சரி மனே, நம்மட வட்டாரத்துக்கு இப்ப மெம்பர் யாரு?"

ஒருத்தருக்கும் பதில் வரல்ல. சிரித்துச் சமாளித்தோம். உண்மையில் அந்த நேரம் மெம்பர் என்று யாருமே இல்லை. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. வளைகுடாவில் நடக்கும் போர் நம்மட வீட்டு வாசல் வரைக்கும் வரும். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி சதாம் ஹுசைனின் படை குவைத்துக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் அங்கே இருந்தார்கள். பெரும்பாலானோர் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். எங்கட சாச்சியும் அதில் ஒருவர். பாலைவனம் தாண்டி ஜோர்தானுக்கு வந்து, ஒற்றைப் பையோடு ஊர் திரும்பினார். திரும்பிய ஊர் எப்படி இருந்தது? ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதற்கு முன்னர் ஜூனில் கல்முனைத் தமிழ்ச் சனம் இராணுவத்திடம் பட்ட பாடு வேறு. 1991 ஜனவரியில் பக்தாத்தில் அமெரிக்கக் குண்டு விழுந்த செய்தியை ரேடியோ சொன்னபோது, வராமலே போன எட்டு மாசச் சம்பளத்தை நினைத்துச் சாச்சி அழுததாக உம்மா சொல்லுவா.

அடுத்த ஈராக் போருக்கு முன்னால் ஒரு தேர்தல் இருக்கு. அதை நாம சரியாப் படிக்கல்ல என்பது என் எண்ணம்.

2000 நவம்பர் 7. ஜோர்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் போட்டி. புளோரிடாவை வென்றவர்தான் ஜனாதிபதி என்ற நிலை வந்தது. அந்த மாநிலத்தில் விழுந்தது கிட்டத்தட்ட 60 லட்சம் வாக்கு. கடைசியில் புஷ் முன்னுக்கு நின்றது 537 வாக்கால்.

அமெரிக்காவில் நம்மட நாட்டைப் போல் ஒரே தேர்தல் ஆணைக்குழு எல்லா வாக்குச்சீட்டையும் அச்சடிப்பதில்லை. அது கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகத்தின் வேலை. பாம் பீச் கவுண்டியில் அதற்குப் பொறுப்பானவரையும் அங்குள்ள மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். வயசாளிகளுக்கு எழுத்துத் தெரியவேண்டும் என்று அவர் எழுத்தைப் பெரிதாக்கினார். அதனால் பெயர்கள் ரெண்டு பக்கத்துக்கும் பரவி, துளையிடும் இடங்கள் நடுவில் வந்தன. இடப்பக்கத்தில் கோரின் பெயர் ரெண்டாவது; ஆனால் ரெண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பட் புக்கானனுக்குரியது. புக்கானனுக்கு அங்கே 3,407 வாக்கு. அவ்வளவும் தனக்கு விழுந்தவையாக இருக்காது என்று அவரே ஒத்துக்கொண்டார். ரெண்டு துளை போட்டதால் செல்லாமல் போன சீட்டுகள் 19,000க்கும் மேல்.

டிசம்பர் 12ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று மீள்எண்ணலை நிறுத்தியது. புஷ் வந்தார். 2003 பெப்ரவரி 5ஆம் திகதி கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களைப் பற்றிப் பேசினார். மார்ச் 20ஆம் திகதி போர் தொடங்கியது. சொன்ன ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. தோற்ற கோரோ 2002 செப்டம்பரிலேயே அந்தப் போர் வேண்டாம் என்று பகிரங்கமாகப் பேசியவர். அவர் ஜனாதிபதியாகி இருந்தால் போர் வந்திருக்காது என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்தச் சந்தர்ப்பம் கைநழுவியதில் ஒரு உள்ளூர் அலுவலகம் அடித்த சீட்டுக்குப் பங்கு இருக்கு.

இப்ப நம்மட கதைக்கு வருவோம். 1987க்கு முன்னர் கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகள் என்று நாலு சபை இருந்தது. மருதமுனை கரைவாகு வடக்குக்குள். பிரதேச சபைச் சட்டம் வந்ததும் நாலும் ஒன்றாகி, பின்னர் அதுவே மாநகர சபை வரைக்கும் வளர்ந்தது. தங்களுக்குத் தனிச் சபை வேண்டும் என்ற சாய்ந்தமருது மக்கள் 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் தோடம்பழச் சின்னத்துச் சுயேச்சைக் குழுவுக்குப் பெருவாரியாகப் போட்டார்கள். 2020 பெப்ரவரியில் அவர்களுக்கு நகர சபை என்று வர்த்தமானி வந்தது. சில நாளிலேயே அது நிறுத்தப்பட்டது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல் நாடு முழுக்கத் தள்ளிப்போனது.

2025 ஏப்ரல் 2ஆம் திகதி டிரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்தார். பிறகு அது 20 வீதமாகக் குறைந்தது. ஆனால் அந்தக் கிழமை ஆடைத் தொழிற்சாலைக்குப் போற பிள்ளை உள்ள வீடெல்லாம் அதே பேச்சுத்தான். அடுத்த மாதம், மே 6ஆம் திகதி, 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது. நீதிமன்ற வழக்கால் கல்முனை அதில் இல்லை.

எல்லை எங்கே போடுவது, யாருக்கு எந்தச் சபை என்பதில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும், முஸ்லிம் ஊர்களுக்கு இடையிலேயும் நியாயங்கள் இருக்கு. பேசித் தீர்க்கவேண்டியவை. ஆனால் அது தீரும்வரை எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான் வாக்கில்லாமல் நிற்கிறது. 2018இல் என் தம்பிக்கு 17 வயசு. 2025இல் 24. ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் போட்டுவிட்டான். தன் தெருவுக்காக ஒரு தரமும் போட்டதில்லை. அவனுக்குப் புளோரிடா தெரியும், டியர்போர்ன் தெரியும். நம்மட வட்டாரம் எந்த ஒழுங்கையில் தொடங்கி எதில் முடியுது என்று கேட்டேன். தெரியா என்றான்.

எனக்கும் தெரியாது. அடுத்த நாள் ரெண்டு பேரும் நடந்து பார்க்கப் போனோம்.