ஒரு வருடத்தில் வேதாகமம் – மெக்செயினின் அட்டவணை

தினமும் வேதாகமம் வாசிக்க வேண்டும் என்று புத்தாண்டில் முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். ஆதியாகமத்தில் உற்சாகமாக ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுபவர்களும் நிறையப் பேர். இதற்கு 1842-லேயே ஒருவர் ஒரு வழி சொன்னார்.

அவர் ராபர்ட் மர்ரே மெக்செயின். 1813-ல் எடின்பரோவில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் புனித பேதுரு ஆலயப் போதகராக இருந்தார். 1842 டிசம்பர் கடைசியில் தன் சபை மக்களுக்காக ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை முடிய வேண்டும் என்பது திட்டம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஏற்பாடு 929 அதிகாரங்கள். புதிய ஏற்பாடு இரண்டு தடவைக்கு 520. சங்கீதம் இன்னொரு தடவைக்கு 150. மொத்தம் 1,599. 365 நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு நான்குக்குச் சற்று அதிகம். இரண்டு பகுதி குடும்பத்தோடு, இரண்டு பகுதி தனிமையில்.

ஜனவரி 1 அன்று ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கின் முதல் அதிகாரமும் வரும். நான்குமே ஏதோ ஒன்றின் தொடக்கம். லேவியராகமம் ஓடும் நாட்களில் சங்கீதமும் கூடவே வருவதால் வாசிப்பவர் களைத்துப் போவதில்லை.

இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சபையார் 1728 முதல் நாளுக்கு ஒரு வசனம் என்று வைத்துக்கொண்டார்கள். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. அங்கே அளவு முக்கியமில்லை, ஒரே வசனத்தை நாள் முழுக்க மனதில் வைத்திருப்பதுதான் முக்கியம்.

மெக்செயினுக்கும் இந்த ஆபத்து தெரிந்திருந்தது. அட்டவணையின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளை எழுதினார்: வெறும் சடங்காகிவிடலாம், படித்து முடித்தோம் என்ற பெருமை வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமையாகலாம். நன்மைகளில் ஒன்று, இன்று எதை வாசிப்பது என்று தேடி நேரம் வீணாகாது. இன்னொன்று, சபை முழுவதும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிக்கும்.

அந்த அட்டவணையின் முதல் வருடத்தை அவர் முடிக்கவில்லை. டைஃபஸ் காய்ச்சலால் 1843 மார்ச் 25 அன்று இறந்தார். வயது 29. ஆனால் அட்டவணை நிற்கவில்லை. இன்றும் பல நாடுகளில் அதே வரிசையில் வாசிக்கிறார்கள்.

எத்தனை அதிகாரம் முடிந்தது என்று டிக் அடிப்பது சுலபம். எது மனதில் தங்கியது என்பதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. அதை அட்டவணை போட்டவரே முதலில் சொல்லிவிட்டார்.