ஓலைக்கால், சீலைக்கால்

என்.சி.சி.யில் சேர்ந்த முதல் வாரம் எங்களைப் படுத்தியது ‘தம்’ என்ற சொல்தான். நடந்துகொண்டிருக்கும் அணி நிற்பதற்கான இந்திக் கட்டளை அது. நாகர்கோவிலில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்த தம் வேறு. ஹவில்தார் சார் அடிவயிற்றிலிருந்து ‘ஸ்க்வாட்… தம்!’ என்றதும் பின்வரிசையில் எவனாவது ‘ஆளுக்கு ஒண்ணாலே?’ என்பான். மொத்த வரிசையும் குலுங்கும்.

ஒரே மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. இந்தி கற்றுக்கொண்டோம் என்று அர்த்தமில்லை. தாஹினே என்றால் வலது, பாயே என்றால் இடது என்று சார் ஒருமுறை சொன்னதோடு சரி. அதன்பின் சொல் காதில் விழுந்ததும் உடம்பு தானாகத் திரும்பியது. சார் திருநெல்வேலிக்காரர். ‘அர்த்தத்த யோசிச்சன்னா லேட்டாயிரும்டே. சத்தம் வந்தா கால் போணும்’ என்பார்.

அந்த வருடம், 2002இல், சுதந்திர தின ஒத்திகையின்போது ஸாவ்தானில் நின்றுகொண்டிருந்தோம். நல்ல வெயில். எனக்கு வலப்பக்கம் நின்ற நண்பன் லேசாக ஆடினான். பிறகு முகம் தரையில் படும்படி அப்படியே விழுந்தான். நான் அசையவில்லை. வரிசையில் ஒருவரும் அசையவில்லை. மைதானத்தின் மறுகோடியிலிருந்து சார் ஓடிவந்துதான் அவனைத் தூக்கினார். ‘ஒருத்தனும் கலையல, செம’ என்று சீனியர் ஒருவர் பாராட்டினார். அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இப்போது நிரல் எழுதிப் பிழைக்கிறேன். கணினிக்குக் கட்டளையிட அதைப் பழக்க வேண்டியதில்லை. மனிதனை அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கியது அந்த மைதானத்தை நினைத்துத்தான்.

முதலில் கட்டளையின் அமைப்பைப் பார்க்கலாம். அதற்கு இரண்டு பாகங்கள். ‘தாஹினே’ என்று இழுப்பது முன்னறிவிப்பு. ஒரு கணம் மௌனம். பிறகு வெட்டுவதுபோல ‘முட்’. எந்தப் பக்கம் என்பது முதலில் வர வேண்டும், திரும்பு என்பது கடைசியில். வரிசை மாறினால் பாதிப்பேர் பக்கம் தெரியுமுன்பே திரும்பத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலேயர் பேச்சில் ‘டர்ன் ரைட்’ என்பதை டிரில்லில் ‘ரைட்… டர்ன்’ என்று தலைகீழாக்கியாக வேண்டும். வினைச்சொல் கடைசியில் வரும் தமிழுக்கும் இந்திக்கும் அந்தச் சிரமம் இல்லை.

நவீன டிரில்லின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் காட்டுவது ஒரு கடிதத்தை. 1594 டிசம்பரில் வில்லெம் லோடவெய்க் தன் உறவினரான நஸ்ஸாவ் மோரிஸுக்கு எழுதியது. ஸ்பெயினுக்கு எதிராக டச்சுக்காரர்கள் போராடிக்கொண்டிருந்த காலம். அன்றைய திரித் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி மருந்தும் குண்டும் இட்டுத் தயாராவதற்குள் எதிரி மேலே வந்து விழுந்துவிடுவான். கடிதம் சொன்ன தீர்வு எளியது. முன்வரிசை சுட்டதும் பின்னால் போய்க் குண்டு நிரப்ப வேண்டும், அதற்குள் அடுத்த வரிசை சுடும். ரோமப் பேரரசுக் காலத்தில் ஏலியன் என்பவர் கிரேக்க மொழியில் எழுதிய போர்க்கலை நூல்தான் இந்த யோசனைக்குத் தூண்டுதல்.

காகிதத்தில் எளிது. ஆனால் குண்டு பாயும் இடத்தில் எதிரிக்கு முதுகு காட்டி நடப்பவன் அப்படியே ஓடிவிடாமல் கடைசி வரிசையில் போய் நிற்க வேண்டும். அதற்கு அவன் கால்கள் அவன் பயத்துக்குக் கட்டுப்படக் கூடாது. ஆகவே தினமும் நடக்க வைத்தார்கள். 1607இல் யாக்கோப் டெ கெய்ன் வெளியிட்ட பயிற்சி நூலில் 117 படங்கள் இருந்தன. கனத்த துப்பாக்கிக்கு 43, இலகுவானதற்கு 42, ஈட்டிக்கு 32. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம், ஒரு கட்டளை.

டச்சுக்காரர்களை எங்கள் ஊர்க்காரன் தூரத்தில் தேட வேண்டியதில்லை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோற்றது. பிடிபட்டவர்களில் டி லனாய் என்ற அதிகாரியும் ஒருவர். அவரே பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்து வலிய கப்பித்தான் ஆனார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் அதன்மேல் சாய்ந்துதான் புளிச்சோறு தின்றோம்.

அவர் காலத்துப் பயிற்சியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. இட வலம் பிடிபடாத வீரர்களுக்கு ஒரு காலில் ஓலையையும் மறுகாலில் துணியையும் கட்டி ‘ஓலைக்கால், சீலைக்கால்’ என்று நடக்க வைத்தார்களாம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றியும் வைக்கோல் கட்டிய கால், புல் கட்டிய கால் என்று இதே கதையைச் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, இரண்டிலும் சிரிப்புக்கு ஆளாவது விவசாயிதான். நாற்று நடவும் மாடு திருப்பவும் தெரிந்தவனுக்கு இடம் வலம் தெரியாமலா இருக்கும்? அவனுக்குப் பழக்கமில்லாதது, காரணம் கேட்காமல் அடுத்தவனோடு ஒரே நொடியில் கால் எடுத்து வைப்பது.

இதில் இன்பமும் உண்டு என்பதை மறைக்க முடியாது. வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941இல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு டெக்சாஸில் மணிக்கணக்கில் நடக்க வைக்கப்பட்டவர். அர்த்தமற்ற அந்த நடையில் தான் பெரிதாகிவிட்டதுபோன்ற உணர்வு ஏற்பட்டதை நினைவில் வைத்திருந்து, 1995இல் அதைப் பற்றியே ‘கீப்பிங் டுகெதர் இன் டைம்’ என்ற நூலை எழுதினார். சேர்ந்தாற்போல் அசையும் உடல்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன என்பது அவர் வாதம். படித்தபோது என் அன்றைய பெருமை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

ஆனால் பழக்கப்பட்ட உடலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய்கள் புரியாத ஆங்கிலக் கட்டளைகளுக்கு வருடக்கணக்காக நடந்தவர்கள். சத்தம் வந்தது, கால் போனது. 1805 நவம்பரில் புதிய விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, கடுக்கன் கூடாது, பரேடுக்குத் தாடையை மழித்துவிட்டு வர வேண்டும். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. அடுத்த மே மாதம் வேலூரில் சிலர் அதை அணிய மறுத்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் கலகம் வெடித்தது. திப்புவின் மகன்கள் அங்கே சிறை வைக்கப்பட்டிருந்தது உட்பட வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதை அன்றே நசுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அந்த விதிகள் பிறகு கைவிடப்பட்டன.

காலுக்கு இட்ட கட்டளை அவர்களுக்கு வெறும் சத்தமாக இருந்தது. நெற்றிக்கு இட்ட கட்டளைக்கு அர்த்தம் இருந்தது. அந்த இடத்தில் சிப்பாய் யோசித்தான்.

1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்ற நிலைப்பாடும் அதனுடன் வந்தது. வெறும் சத்தம்தானே என்று அன்று யாரும் விட்டுவிடவில்லை. 34 வருடம் கழித்து, அதைப் பற்றி எதுவும் தெரியாமல், நான் ‘தம்’முக்கு நின்றேன். என்னைக் கேட்டால், தமிழிலேயே கட்டளை வந்திருந்தாலும் அன்று நான் அசைந்திருக்க மாட்டேன்.

அன்று நண்பனை நிழலில் கிடத்தித் தண்ணீர் தெளித்துவிட்டு சார் என்னிடம் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

‘பக்கத்துல தானல நின்ன. புடிச்சிருக்கலாம்லா?’

‘நீங்க விஷ்ராம் சொல்லலியே சார்.’

சார் பதில் சொல்லவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வரிசையின் பக்கம் திரும்பி, வழக்கமான குரலில் இல்லாமல் மெதுவாகத் தமிழில் சொன்னார். ‘எல்லாரும் போய்த் தண்ணி குடிங்கடே.’

இரண்டு வினாடி யாரும் நகரவில்லை.