நிலவை எட்டாத ராட்சதன்

அமெரிக்காவின் நிலவு ராக்கெட்டான சாட்டர்ன்-5 பதின்மூன்று முறை கிளம்பியது. அதே ஆண்டுகளில் கஜகஸ்தானின் பைக்கனூர் பொட்டல்வெளியில் இன்னொரு ராட்சதன் நின்றிருந்தான். பெயர் என்-1. உயரம் 105 மீட்டர். சோவியத் மனிதனை நிலவில் இறக்குவதற்காகப் பிறந்த அந்த ராக்கெட்டைப் பற்றி, இருபது ஆண்டுகள் சோவியத் அரசு வாய் திறக்கவே இல்லை.

கோளாறு ஒரு சண்டையில் தொடங்கியது. ராக்கெட்டின் தந்தை செர்கெய் கொரோலெவ், எஞ்சின் மேதை வாலன்டின் குளுஷ்கோ, இருவரும் 1938இல் ஸ்டாலின் ஆட்சியில் கைதாகிச் சிறைபட்டவர்கள். அத்தனை துன்பத்தைப் பகிர்ந்தவர்கள் எரிபொருள் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. கொரோலெவுக்கு மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும்தான் வேண்டும். ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் நச்சு எரிபொருள்தான் சரி என்றார் குளுஷ்கோ. கடைசியில் கொரோலெவ், விமான எஞ்சின் செய்துவந்த நிக்கோலாய் குஸ்னெத்சோவிடம் போனார்.

குஸ்னெத்சோவின் எஞ்சின் அருமையானது, ஆனால் சிறியது. அமெரிக்கர்கள் ஐந்து பெரிய எஞ்சின்களால் செய்த வேலைக்கு இங்கே முப்பது தேவைப்பட்டன. வெளிவட்டத்தில் 24, உள்ளே 6. ஒன்று பழுதானால் அதை அணைத்து, எதிர்ப்பக்கத்து எஞ்சினையும் அணைத்துச் சமன்செய்ய ‘கோர்ட்’ என்ற மின்னணுக் கருவி இருந்தது.

சாட்டர்னின் அடுக்குகளைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்த்த பிறகே அமெரிக்கர்கள் ஏவுதளத்துக்கு அனுப்பினார்கள். என்-1இன் முதல் அடுக்கை அப்படி முழுதாக எரித்துப் பார்க்க மேடையே கட்டவில்லை. காசும் இல்லை, காலமும் இல்லை. எஞ்சினின் சில வால்வுகள் வெடிமருந்தால் திறப்பவை. கிழித்த தீக்குச்சி மாதிரி, ஒருமுறை எரித்த எஞ்சின் மறுபடி உதவாது. அதனால் ஆறு எஞ்சின்கள் வந்தால் இரண்டை மட்டும் எரித்துப் பார்த்துவிட்டு, மீதி நான்கையும் நம்பி மாட்டினார்கள். எனக்கு இந்த ராக்கெட்டின் விதி எழுதப்பட்டது இங்கேதான் என்று தோன்றுகிறது. திறமைக்கு அங்கே பஞ்சமில்லை.

1966 ஜனவரியில் அறுவை சிகிச்சையின்போது கொரோலெவ் இறந்தார். பாரம் வாசிலி மிஷின் தோளில் விழுந்தது. 1969 பிப்ரவரி 21இல் முதல் ஏவல். வால்பகுதியில் தீப்பிடித்து, சுமார் 69 நொடியில் எல்லா எஞ்சினும் அணைந்தன. ஜூலை 3 இரவு இரண்டாவது. கிளம்பிய கணத்திலேயே ஒரு எஞ்சினின் பம்ப் வெடித்தது. காக்க வேண்டிய கோர்ட் கருவியோ ஒன்றைத் தவிர மற்ற எல்லா எஞ்சினையும் அணைத்துவிட்டது. கொஞ்சதூரம் எழும்பிய ராட்சதன் அப்படியே சாய்ந்து, தான் கிளம்பிய மேடை மீதே விழுந்தான். உச்சியிலிருந்த ஆளில்லாத கலம் மட்டும் தப்புவிக்கும் ராக்கெட்டின் இழுப்பில் விலகிப் பிழைத்தது. பதின்மூன்றாம் நாள் அப்பல்லோ-11 கிளம்பியது.

1971இலும் தோல்வி. 1972 நவம்பரில் நான்காம் முறை 107 நொடி பறந்தது. இன்னும் சில நொடி தாங்கியிருந்தால் முதல் அடுக்கின் வேலை முடிந்திருக்கும். ஐந்தாவது ராக்கெட்டுக்கு என்.கே-33 என்ற புது எஞ்சின்கள் வந்துவிட்டன. தரையில் பலமுறை எரித்துப் பார்க்கக் கூடியவை! ஆனால் 1974 மே மாதம் மிஷின் நீக்கப்பட்டு, அந்த நாற்காலியில் குளுஷ்கோ அமர்ந்தார். என்-1 நிறுத்தப்பட்டது, ராக்கெட்டுகளை உடைக்க உத்தரவு வந்தது.

என்-1இன் எரிபொருள் தொட்டிகள் பெரிய உருண்டைகள். வெட்டிய பாதிகளைக் கவிழ்த்துப் பைக்கனூர்க்காரர்கள் கொட்டகைக்கும் பூங்கா நிழற்குடைக்கும் கூரையாக்கினார்கள். நிலவுக்குப் போக வேண்டிய உலோகத்தின் நிழலில் பிள்ளைகள் விளையாடினார்கள்.

எஞ்சின்களை மட்டும் குஸ்னெத்சோவ் விடவில்லை. உத்தரவை மீறி அவற்றைக் கிடங்கில் பத்திரப்படுத்தினார். 1995இல் அவர் காலமானார். 2013 டிசம்பர் 28 அன்று, பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து சோயுஸ்-2.1வி என்ற ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. அதன் அடியில் எரிந்தது ஓர் என்.கே-33.