விண்ணகக் கைம்மாறும் மண்ணுலகக் கணக்கும்

நற்செயல் செய்தவருக்கு விண்ணகத்தில் கைம்மாறு உண்டு என்ற போதனை கிறிஸ்தவத்தில் பிற்காலத்தில் புகுந்தது அன்று. நற்செய்தி நூல்களிலேயே அது வெளிப்படையாக இருக்கிறது. ஊரறியத் தர்மம் செய்பவன் தன் கூலியை இங்கேயே வாங்கிவிட்டான் என்றும், மறைவாகச் செய்பவனுக்குத் தந்தை கைம்மாறு தருவார் என்றும் மலைப்பொழிவில் இயேசு சொல்கிறார். சீடன் ஒருவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தவனும் பலனை இழப்பதில்லை. ஆனால் அதே மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே தெனாரியத்தைக் கூலியாகக் கொடுக்கிறார். பவுலின் கடிதங்களும் இப்படித்தான். மனிதன் நம்பிக்கையால்தான் நீதிமானாகிறான் என்று உரோமையருக்கு எழுதியவர், கொரிந்தியருக்கு எழுதும்போது அவரவர் உழைப்புக்கேற்ற கூலி அவரவருக்குக் கிடைக்கும் என்கிறார். கைம்மாறு உண்டா இல்லையா என்று கிறிஸ்தவர்கள் அதிகம் சண்டையிட்டதில்லை. அதை யார் ஈட்டுகிறார், எப்படி அளப்பது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்பவைதான் வழக்கை வளர்த்தன.

தொடக்கத்தில் பேச்சு பெரும்பாலும் தர்மத்தைச் சுற்றியே இருந்தது. ஏழைக்கு இரங்குகிறவன் கடவுளுக்கே கடன் கொடுக்கிறான் என்ற கருத்து நீதிமொழிகளிலும், தர்மம் சாவிலிருந்து காக்கும் என்ற கருத்து தோபித்து நூலிலும் உள்ளன. இந்த யூத மரபைக் கிறிஸ்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜில் ஆயராக இருந்த சிப்ரியான், திருமுழுக்குக்குப் பின் செய்யும் பாவங்களைத் தர்மம் கழுவும் என்று தனி நூலே எழுதினார். கொள்ளைநோயும் துன்புறுத்தலும் நகரை வாட்டிய காலம் அது. பணம் படைத்தவர்களின் கையை ஏழைகள் பக்கம் திருப்பும் தேவை அவர் கண் முன்னால் இருந்தது.

அடுத்து வந்தது தரவரிசை. விதைப்பவர் உவமையில் வரும் முப்பது, அறுபது, நூறு மடங்கு விளைச்சலை உரையாசிரியர்கள் விண்ணகப் பலனின் படிகளாக வாசித்தார்கள். சிப்ரியான் நூறு மடங்கை மறைசாட்சிகளுக்கும் அறுபதைக் கன்னியருக்கும் கொடுத்தார். மறைசாட்சிகள் அருகிவிட்ட 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் நூறைக் கன்னியருக்கும் அறுபதைக் கைம்பெண்களுக்கும் முப்பதை மணமானவர்களுக்கும் பங்கிட்டார். இதை எதிர்த்துப் பேசியவர் ஜோவினியன் என்ற துறவி. திருமுழுக்கைக் காத்துக்கொண்ட எல்லோருக்கும் விண்ணகத்தில் ஒரே கைம்மாறுதான், மணமானவளைவிடக் கன்னிக்குக் கூடுதலாக எதுவும் இல்லை என்றார் அவர். ரோமும் மிலானும் அவரைக் கண்டித்தன. ஜெரோம் 393இல் அவருக்கு எதிராக எழுதிய நூலின் கடுமை ஜெரோமின் நண்பர்களையே சங்கடப்படுத்தியது. தோட்டக்காரரின் ஒரே தெனாரியம் ஜோவினியன் பக்கம்தான் நிற்கிறது என்று வாசகருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. ஆனால் திருச்சபை படிகளின் பக்கம் சாய்ந்தது.

மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்ற பெலாஜியுசின் கருத்தை மறுத்த அகுஸ்தினார், இந்த வாதத்துக்கு வேறொரு அடித்தளம் போட்டார். கடவுள் நம் பேறுபலன்களுக்கு முடிசூட்டும்போது தாம் கொடுத்த கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது அவருடைய விடை. செய்கிறவன் மனிதன், செய்ய வைப்பது அருள். பின்னாளில் கத்தோலிக்கரும் சீர்திருத்தவாதி லூத்தரின் சீடர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது இந்த ஒரே விடையைத்தான்.

எண்கணிதம் உள்ளே வந்தது அயர்லாந்துத் துறவு மடங்களின் வழியாக. 6ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே எழுதப்பட்ட தவக் கையேடுகள், இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் நோன்பு என்று பட்டியலிட்டன. இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முன்பு பெரும் பாவிகள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஊர் பார்க்கச் செய்ய வேண்டியிருந்த தவம், இப்போது தனியே, மீண்டும் மீண்டும் செய்யக்கூடியதாக மாறியது. ஆனால் தண்டனைக்கு நாள்கணக்கு வந்தவுடன் மாற்று விலையும் வந்துவிட்டது. நோன்பிருக்க முடியாதவர் திருப்பாடல்களை ஓதலாம். ஓத முடியாதவர் தர்மம் கொடுக்கலாம். நார்மானியர் வருகைக்கு முந்தைய இங்கிலாந்தின் கையேடு ஒன்று, ஏழாண்டு நோன்பை ஒரு செல்வந்தர் மூன்றே நாளில் முடிக்கும் வழியைச் சொல்கிறது. முதலில் 12 பேர் மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் கீரையும் மட்டும் உண்டு நோன்பிருக்க வேண்டும்; பிறகு ஏழு முறை 120 பேர், அதாவது 840 பேர், மூன்று நாள் இருக்க வேண்டும். கூட்டினால் 2,556 நோன்பு நாட்கள்: ஏழு ஆண்டுகள், நெட்டாண்டின் ஒரு நாளையும் சேர்த்து. இதை எழுதியவரின் துல்லியத்தைப் பாராட்டுவதா, நோன்பிருந்த 852 பேருக்கும் பாவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதா என்பது வாசிப்பவரைப் பொறுத்தது.

இந்த மண்ணில்தான் பலன்கள் எனப்படும் தண்டனைக் குறைப்பு முளைத்தது. பாவத்தின் குற்றம் மன்னிக்கப்பட்ட பிறகும் அதற்குரிய தண்டனை மிஞ்சுகிறது, இங்கே தீராதது உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர வேண்டும், அதைத் திருச்சபை குறைக்கலாம் என்பது கொள்கை. மோட்சத்தை விலைக்கு விற்பது என்று இதைச் சுருக்கிச் சொல்வது கொள்கைக்கு நியாயம் செய்யாது; நடைமுறை அந்தச் சுருக்கத்துக்கு இடம் கொடுத்தது என்பதும் உண்மை. 1095இல் கிளேர்மோன் சங்கத்தில் திருத்தந்தை இரண்டாம் உர்பன், பக்தியால் எருசலேமை மீட்கப் போகிறவர்களுக்கு அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடாகும் என்று அறிவித்தார். சலுகைகள் பெருகியதால் 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆயர்களுக்கு உச்சவரம்பு விதித்தது: கோயில் அபிஷேகத்துக்கு ஓராண்டு, அதன் ஆண்டு நாளுக்கு 40 நாள். 1300இல் எட்டாம் போனிஃபாஸ் யூபிலி ஆண்டை அறிவித்தபோது, ரோமாபுரி மக்கள் 30 நாளும் வெளியூரார் 15 நாளும் பேதுரு, பவுல் கோயில்களைச் சந்தித்தால் முழுப் பலனும் உண்டு என்றார்.

இவ்வளவு தள்ளுபடிக்கும் முதல் எங்கிருந்து வருகிறது? 13ஆம் நூற்றாண்டு இறையியலார் திருச்சபையின் கருவூலம் என்ற விடையைக் கண்டார்கள். 1343இல் ஆறாம் கிளமெண்ட் அதை ஆணையாகவே வெளியிட்டார். கிறிஸ்துவின் அளவற்ற பேறுபலன்களும், அவற்றோடு மரியாளும் புனிதர்களும் ஈட்டியவையும் அதில் உள்ளன. திறவுகோல் பேதுருவின் வழிவந்தவரிடம் இருக்கிறது. ஒருவரின் நற்செயல் இன்னொருவர் பெயரில் வரவு வைக்கப்படலாம் என்பது இதனால் உறுதியானது. 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் இறந்தவர்களின் ஆன்மாக்களையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவந்தார். இறந்துபோன தாய்க்காகப் பிள்ளை காசு கொடுக்காமல் இருப்பானா?

அச்சு வந்தபோது அதற்குக் கிடைத்த முதல் வேலைகளுள் பலன் சீட்டுகளும் இருந்தன. சைப்ரஸைத் துருக்கியரிடமிருந்து காக்க நிதி திரட்டிய சீட்டுகள் 1454, 1455ஆம் ஆண்டுகளில் மைன்ஸ் நகரில் அச்சாயின. பெயரும் தேதியும் எழுத இடம் விடப்பட்ட அவை, ஐரோப்பாவில் ஆண்டு குறித்த மிகப் பழைய அச்சுத் தாள்களுள் சில. விட்டன்பர்க்கில் சாக்சனி இளவரசர் பிரெடெரிக் 1520க்குள் 19,013 திருப்பண்டங்களைச் சேர்த்திருந்தார். உரிய நாளில் வந்து காணிக்கை செலுத்தி வணங்குவோருக்கு 19 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தண்டனைக் குறைப்பு கிடைக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களை வைத்திருக்க ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன்பட்ட மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டின் பெயரால், யோகான் டெட்செல் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு, பாதி கடனுக்கு. பிரெடெரிக் டெட்செலைத் தம் எல்லைக்குள் விடவில்லை. சொந்தக் கோயிலின் வருமானம் அவருக்கு முக்கியம். விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் ஊருக்குப் போய் வாங்கி வந்தார்கள். அந்தச் சீட்டுகள் ஆன்மாவைப் பராமரிக்கும் வேலையைக் குலைப்பதைக் கண்ட மார்ட்டின் லூத்தர், 1517 அக்டோபர் 31ஆம் தேதி 95 கருத்துரைகளைப் பேராயருக்கு அனுப்பினார். ஏழைக்குக் கொடுப்பது பலன் வாங்குவதைவிட மேலானது, திருச்சபையின் உண்மைக் கருவூலம் நற்செய்தியே என்பவை அவற்றுள் அடங்கும்.

சீர்திருத்தவாதிகள் கைம்மாறையே மறுத்தார்கள் என்று பலர் நினைப்பது தவறு. மீட்பை ஈட்ட முடியாது என்றுதான் மறுத்தார்கள். 1531இல், லூத்தரன் தரப்பின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கு எழுதிய விளக்கத்தில் லூத்தரின் தோழர் மெலாங்க்தன், நீதிமான்களாக்கப்பட்டவர்களின் செயல்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் வெவ்வேறு கைம்மாறுகள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். கால்வின் இன்னும் நுட்பமாக, வேலைக்காரனின் கூலியாகப் பார்க்காமல் பிள்ளையின் உரிமைச் சொத்தாகப் பாருங்கள் என்றார். மறுபக்கம் திரெந்து சங்கம் 1547 ஜனவரியில், அருள்நிலையில் உள்ளவர் செய்யும் நற்செயல்கள் நிலைவாழ்வை உண்மையாகவே ஈட்டுகின்றன என்று வரையறுத்தது. கூடவே, கடவுளின் கொடைகளே மனிதனின் பேறுபலன்களாகின்றன என்ற அகுஸ்தினாரின் கருத்தையும் எழுதிவைத்தது. 1563இல் பலன்களைத் தக்கவைத்துக்கொண்டு அவற்றின் பெயரால் நடந்த வணிகத்தைக் கண்டித்தது. பணம் வாங்கிக்கொண்டு தரும் பலன்களை ஐந்தாம் பயஸ் 1567இல் ரத்து செய்தார்.

நாள்கணக்கு மட்டும் மேலும் நானூறு ஆண்டுகள் நீடித்தது. இன்ன செபத்துக்கு இத்தனை நாள் என்ற எண்களை ஆறாம் பவுல் 1967இல்தான் நீக்கினார். அதன் பிறகு இருப்பவை முழுப் பலன், பகுதிப் பலன் என்ற இரண்டு வகைகளே. பகுதிப் பலனில், ஒருவர் தம் செயலால் பெறும் தண்டனைக் குறைப்புக்குச் சமமான அளவைத் திருச்சபை தன் பங்காகச் சேர்க்கிறது. 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கை, அருளால் மட்டுமே மனிதன் கடவுளுக்கு ஏற்றவனாகிறான் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறது. பேறுபலன் பற்றிய பத்தியில் தரப்புக்கு ஒரு விளக்கம் உண்டு. பலன்கள் பற்றி அந்த அறிக்கை பேசவில்லை. இரண்டு மாதத்துக்குள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், இரண்டாம் யோவான் பவுல் பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து 2000ஆம் ஆண்டு யூபிலியைத் தொடங்கினார். திருப்பயணிகளுக்கு அந்த ஆண்டும் முழுப் பலன் வழங்கப்பட்டது.