இறங்கத் தெரியாத சிறகுகள்



சென்ற ரமளானுக்கு முன்னர், திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க் கரையொன்றில் எம் மதரஸா மாணவர் ஒருவர் பழைய மிதிவண்டியில் சிறு இயந்திரத்தைப் பூட்டி ஓட்டினார். வண்டி ஓடியது, நிற்கவில்லை. கருவேலம் புதர் தடுத்ததால் சிராய்ப்புகளோடு பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். கண்டித்தபோது, “இப்னு ஃபிர்னாஸ் பறக்கவில்லையா, ஹஜ்ரத்?” என்றார். “பறந்தார், எப்படி இறங்கினார்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நம் மேடைகளிலும் அந்தப் பாதியை எவரும் சொல்வதில்லை.

ஹிஜ்ரி 274இல் (கி.பி. 887) மறைந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் குர்துபாவின் அறிஞர். சிறகுகளைப் பூட்டிக்கொண்டு அவர் காற்றில் சற்றுத் தூரம் சென்றதாக, ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதுகிறார். இறங்கும்போது முதுகில் பலத்த அடி. பறவை தரையிறங்க வாலின் துணை வேண்டும். அவரோ வால் அமைக்கவில்லை என்பதே மக்கரீ கூறும் காரணம். நாம் மதரஸாவில் புரட்டும் ‘அஸ்ஸிஹாஹ்’ அகராதியின் ஆசிரியர் அல் ஜவ்ஹரீயின் முடிவு இன்னும் துயரமானது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியில், நைசாபூர்ப் பள்ளிவாசலின் கூரையிலிருந்து மரச்சிறகுகளோடு குதித்து உயிரிழந்தார் என்பர். இருவரும் தரையில் சோதித்துப் பார்த்ததாகக் குறிப்பில்லை.

சென்னையில் உணவு விடுதி நடத்திய கார்சிகாக்காரர் டி ஏஞ்சலிஸ் வேறு வழியில் சென்றார். தாம் வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்து, முதலில் பல்லாவரத்தில் சோதித்தார். 1910 மார்ச்சில்தான் அதைத் தீவுத்திடலில் மக்களுக்குக் காட்டினார். அக்கால விமானங்கள் பலவற்றில் சக்கர பிரேக்கே கிடையாது. இயந்திரம் முழுவேகம் பெறும்வரை ஆட்கள் வாலைப் பிடித்து நிற்பார்கள்.

இன்று வீட்டில் விமானம் கட்டுவோர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வாலை முளையில் கட்டிய பின்பே இயந்திரத்தை முடுக்குகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பழகிய நமக்கு இது புதிதன்று. அடுத்து, நடை வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடிக்கிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் விமானம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். இங்கே ஒரு கணக்கு உண்டு: வேகம் இருமடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அது முழுவதும் சூடாக மாறுவதால், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் ஆறவிட வேண்டும். வேகம் மிகுந்தால் நினையாமலே விமானம் எழும்பிவிடும் அபாயமும் உண்டு. பலர் அஞ்சுவது அதற்குத்தான்.

மாணவரின் வண்டி இப்போது மதரஸாத் திண்ணையில் நிற்கிறது. இரு சக்கரங்களுக்கும் பிரேக் கட்டை மாட்டிவிட்டார். சங்கிலியைக் கழற்றிவிட்டு, கையால் தள்ளித் தள்ளி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.